ஒரு மில்லிமீட்டர் மிச்சம்

மயிர் என்னும் சொல் தமிழில் பழமையானது. ஒரு காலத்தில் கூச்சமின்றிப் புழங்கியது. மயிர்க்கூச்செறிதல், மயிரிழையில் தப்பித்தல், மயிர்க்கால் என்று கூட்டுச் சொற்களுக்குள் அது இன்றும் மதிப்போடு வாழ்கிறது. தனித்து நின்றால் மட்டும் வசையாகிவிடுகிறது. அதன் இடத்தைப் பிடித்த ‘முடி’யோ தலையை விட்டுக் கீழே இறங்கத் தயங்குகிறது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் அடிவயிற்றின் கீழும் வளர்வதைப் பற்றி நான்கு பேர் முன்னிலையில் பேச நேர்ந்தால், முனைவர் பட்டம் பெற்றவரும் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்; அல்லது ‘அந்த இடம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். சொல் தயங்கும் இடத்துக்கு அறிவு வந்து சேர்வதும் தாமதப்படுகிறது.

இந்தத் தாமதத்தால் அல்லற்படுபவர்களில் விடுதியில் தங்கிப் படிக்கும் இளையோர் பலர். வீட்டை விட்டு வந்த முதல் ஆண்டில் ரேசரைக் கையில் எடுக்கும் அவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கற்பித்தவர் எவருமில்லை. தாடி மழிப்பதையாவது தந்தையிடமோ முடிதிருத்துநரிடமோ பார்த்துப் பழகலாம். உடலின் மறைவான பகுதிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. விளம்பரங்கள் மழித்து முடித்த வழவழப்பான தோலைக் காட்டுகின்றன. மூன்றாம் நாள் அதே தோலில் என்ன நேர்கிறது என்பதைக் காட்டுவதில்லை. அந்த மூன்றாம் நாளில் எழும் சிறு சிவந்த புடைப்புகளில் பெரும்பாலானவை, வெளியே வர வேண்டிய முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்வதால் உண்டாகின்றன. உள்வளர் முடி என்று அதைச் சொல்லலாம்.

தில்லியில் ஆய்வுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு தமிழ் மாணவிக்கு நேர்ந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அது குளிர்காலம். விடுதியில் வெந்நீர் காலை நேரத்தில் மட்டும் வரும். பொதுக் குளியலறையின் கதவுக்கு வெளியே வரிசை நிற்கும். பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஒரு மலிவு விலை ரேசரையே இரண்டு மாதமாக அவள் பயன்படுத்தி வந்தாள். அது குளியலறை ஆணியில் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. குளிக்கும் சோப்பின் நுரையைத் தடவி, தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக மூன்று முறை மழிப்பது அவள் வழக்கம். சொரசொரப்பு துளியும் மிஞ்சாமல் இருப்பதே சுத்தம் என்று அவள் நம்பினாள். மறுநாள் எரிச்சல், மூன்றாம் நாள் அரிப்பு, ஐந்தாம் நாள் சிறு பருக்கள்.

பருக்களைக் கண்டதும் தான் போதிய அளவு சுத்தமாக இல்லை என்று முடிவு கட்டினாள். ஆகவே மழிப்பதை இன்னும் அடிக்கடி, இன்னும் அழுத்தமாகச் செய்தாள். ஒரு பருவின் நடுவே கருத்துத் தெரிந்த முடியை ஊக்கால் தோண்டினாள். அடுத்த வாரம் தொடையிடுக்கில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி எழுந்தது. ஆவணக் காப்பகத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்ட வேண்டிய காலம் அது. அரை மணிநேரம் அமர்வதே பெரும்பாடாயிற்று. உடல்நலமில்லை என்று மட்டும் நெறியாளருக்கு எழுதினாள். என்ன நலமின்மை என்று எழுத முடியவில்லை.

மருந்துக் கடையில் ஆண்கள் கூடி நின்றதால், அரிப்புக்கு ஒரு களிம்பு என்று மட்டும் கேட்டாள். கிடைத்தது ஸ்டீராய்டும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த களிம்பு. இரண்டு நாள் சிவப்பு அடங்கியது. பிறகு முன்னிலும் அதிகமாகத் திரும்பியது. அதன் பிறகு அவள் ஒரு நலமையத்துக்குச் சென்றாள். அங்கே எழுந்த முதல் கேள்வி அவளுக்குத் திருமணமாகிவிட்டதா என்பது. இரண்டாவது கேள்வி, ஆகவில்லையென்றால் அங்கே மழிக்க வேண்டிய தேவை என்ன என்பது. கட்டியைப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய ஒழுக்கம் பரிசோதிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு வெளியேறிய அவள், ஒரு மாதம் வேறு எந்த மருத்துவரிடமும் செல்லவில்லை.

வலி பொறுக்காமல் பின்னர் ஒரு அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் சென்றபோதுதான் நிலைமை மாறியது. அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் பார்த்தார், பிறகு கேட்டார். எப்போது மழிக்கிறாள், எதைக் கொண்டு, எந்தத் திசையில், எத்தனை முறை, பிறகு என்ன உடுத்துகிறாள் என்பவையே அவர் கேள்விகள். புறநோயாளர் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு படம் வரைந்தார். கிடைக்கோடு தோல், அதற்குள் சாய்ந்து இறங்கும் வளைந்த குழல் மயிர்க்கால், அதிலிருந்து எழும் கோடு முடி. அந்தக் கோட்டின் நுனி எங்கே வெட்டப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்.

மயிர்க்கால் தோலுக்குள் நேர்செங்குத்தாக இறங்குவதில்லை, சாய்ந்து இறங்குகிறது. சுருள்முடி வளரும் இடங்களில் அக்குழலே வளைந்திருக்கும். தலைமுடி நேராக இருப்பவர்க்கும் மறைவிடங்களில் முடி தடித்துச் சுருண்டிருப்பது இயல்பு. தோலை இழுத்துப் பிடித்து மழிக்கும்போது முடி சற்றே வெளியே இழுபட்டு வெட்டுப்படுகிறது. கையை எடுத்ததும் தோல் பழைய நிலைக்குத் திரும்ப, வெட்டுப்பட்ட நுனி தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. சாய்வாக வெட்டப்பட்டதால் அது ஊசிபோல் கூர்மையாகவும் இருக்கிறது. மீண்டும் வளரத் தொடங்கும் அந்த நுனி, வெளியே செல்லும் வாயைத் தேடாமல் குழலின் பக்கச் சுவரையே குத்திக்கொண்டு தோலுக்குள் நுழைகிறது. இது ஒரு வழி. மற்றொரு வழியில், முடி முறையாக வெளியே வந்த பிறகு சுருண்டு வளைந்து, பக்கத்துத் தோலைத் துளைத்து மீண்டும் உள்ளே போகிறது.

எவ்வழியில் நுழைந்தாலும் உடல் அதை அயற்பொருளாகவே நடத்துகிறது. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குவது போலவே இங்கும் சிவந்து வீங்குகிறது. தன் முடியே தனக்கு முள்ளாகிவிடுகிறது. ஆகவே தொடக்கத்தில் எழும் புடைப்புக்கு அழுக்கு காரணமன்று. கிருமியும் பெரும்பாலும் காரணமன்று. சொறிவதாலும் தோண்டுவதாலும் தோல் கிழிந்த பிறகே கிருமிக்கு வழி திறக்கிறது. தாடி மழிப்போரிடம் காணப்படும் இந்நிலையை அமெரிக்கத் தோல்நோய் அறிஞர்களான ஸ்ட்ராசும் கிளிக்மனும் 1956இல் விரிவாக விளக்கியிருக்கிறார்கள். தாடையில் நிகழ்வதே தொடையிடுக்கிலும் நிகழ்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: தாடையைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்தது.

மழிப்பதே சுத்தம் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் மட்டும் இருந்ததன்று. மருத்துவமனைகளும் அதை நெடுங்காலம் நம்பின. அறுவைக்கு முன் அப்பகுதியை ரேசரால் மழிப்பது கட்டாய நடைமுறையாக இருந்தது. 1971இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 406 நோயாளிகளை ஒப்பிட்டது. ரேசரால் மழிக்கப்பட்டவர்களிடம் அறுவைப் புண்ணில் கிருமித்தொற்று 5.6 விழுக்காடு, முடிநீக்கக் களிம்பு பூசப்பட்டவர்களிடமும் முடி நீக்கப்படாதவர்களிடமும் 0.6 விழுக்காடு. ரேசர் தோலில் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிகள் குடியேறும் இடமாகின்றன என்பது தெளிவாயிற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்கு முன் முடியை நீக்க வேண்டாம் என்றும், நீக்கியே ஆக வேண்டுமானால் வெட்டுக்கருவியை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும், ரேசர் எப்போதும் கூடாது என்றும் கூறுகிறது.

பிரசவ அறையிலும் இதே கதைதான். மகப்பேற்றுக்கு முன் பெண்களை வழக்கமாக மழிப்பதை, கைவிட வேண்டிய நடைமுறைகளின் பட்டியலில் அந்நிறுவனம் 1996இலேயே சேர்த்துவிட்டது; 2015இல் மீண்டும் வேண்டாம் என்றது. அறுவை அரங்கமும் பிரசவ அறையும் சுத்தத்தின் பெயரால் ரேசரைக் கைவிடச் சொல்லப்பட்ட பிறகும், விடுதிக் குளியலறை மட்டும் சுத்தத்தின் பெயராலேயே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்த மருத்துவ ஆய்வு வெளிவந்த அதே 1971இல்தான் ஜில்லெட் நிறுவனம் தன் இரட்டை பிளேடு ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியை இழுக்க, அது உள்ளே திரும்பும் முன் இரண்டாம் பிளேடு வெட்டும் என்பது அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. உள்வளர் முடிக்கு ஆளாகக்கூடிய தோலுக்கு அந்தப் பெருமையே ஊறு. அத்தகைய தோலுடையவர்க்கு ஒற்றை பிளேடு ரேசரைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

உடல்முடி அழுக்கு என்பது இந்தியாவின் ஒருமித்த கருத்துமன்று. சரக சங்கிதை, தலைமுடி, தாடி, உடல்முடி, நகம் ஆகியவற்றைப் பதினைந்து நாளில் மூன்று முறை குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. நகரவாசியின் அன்றாடத்தை விவரிக்கும் காமசூத்திரம், உடல்முடிக்கு ஐந்து அல்லது பத்து நாள் இடைவெளி வைக்கிறது. சுசுருத சங்கிதை ஆறாத புண்ணைச் சுற்றியுள்ள முடியை அகற்றக் கத்தி, கத்தரிக்கோல், சாமணம் மூன்றையும் குறிப்பிடுகிறது. இஸ்லாமிய மரபு மறைவிட முடியை நாற்பது நாளுக்கு மேல் விடலாகாது என்கிறது. சீக்கிய நெறியோ உடலின் எந்த முடியையும் நீக்குவதை ஏற்பதில்லை. அம்மாணவியின் அறைத்தோழிகளில் ஒருத்தி அமிர்தம் ஏற்ற பஞ்சாபிப் பெண். மற்றொருத்தி மலபாரைச் சேர்ந்த முஸ்லிம் பெண். ஒருத்தி நீக்குவதே இல்லை. ஒருத்தி சில வாரங்களுக்கு ஒருமுறை நீக்குகிறாள். இருவருமே நாள்தோறும் நீராடினார்கள்; இருவருமே தூய்மையானவர்கள். நாள்தோறும் மழித்தவளுக்குத்தான் கட்டி வந்தது.

ஆகவே தடுப்பின் முதற்படி, நீக்க வேண்டுமா என்ற கேள்வியை ஒருவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது. மறைவிட முடி உராய்வைக் குறைக்கிறது. அதை வைத்துக்கொள்வதில் மருத்துவக் குறை எதுவுமில்லை. நீக்குவதில் ஒழுக்கக் குறை எதுவுமில்லை. அது அவரவர் விருப்பம். விருப்பத்தால் நீக்குபவர்க்கு அந்த மருத்துவர் சொன்ன தலையாய விதி ஒன்றுதான்: ஒரு மில்லிமீட்டர் விட்டுவிட வேண்டும். நுனி தோலுக்கு மேலே நின்றால் உள்ளே குத்த வழியில்லை. தடுப்புச் சீப்பு பொருத்திய மின் டிரிம்மர் இதை எளிதாகச் செய்கிறது. ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் அக்கருவி, தொடர்ந்து வாங்கும் ரேசரையும் களிம்பையும் கணக்கிட்டால் சிக்கனமானதே. டிரிம்மரைத் தோலின்மேல் அழுத்தாமல் நகர்த்த வேண்டும். தலையைக் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும். பிறருடன் பகிரக் கூடாது.

ரேசர்தான் வேண்டும் என்பவர்க்கும் வழி உண்டு. நீண்ட முடியை முதலில் கத்தரித்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்து முடித்த கடைசி நிமிடங்களே மழிக்க ஏற்ற நேரம். நீரை உறிஞ்சிய முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும், நுனியும் அவ்வளவு கூர்மையாக இராது. வாளி நீரில் குளிப்பவர் வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்திருந்தாலே போதும். குளியல் சோப்பு தோலை வறளச் செய்வதால், மணமூட்டாத ஷேவிங் ஜெல் நல்லது. பிளேடு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தம் கூடினால் கீறலும் கூடும். முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். மறைவிடங்களில் அத்திசை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்பே விரலால் தடவி அறிந்துகொள்வது நன்று. தோலை இழுத்துப் பிடிக்கக் கூடாது. சிறு சிறு வீச்சாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பிளேடை அலச வேண்டும். ஒருமுறை சென்ற இடத்துக்கு மறுமுறை செல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். பயன் மிகுந்ததும் அதுவே. சற்றுச் சொரசொரப்பு மிஞ்சும். அது குறையன்று, காப்பு.

மழித்த பிறகான ஒரு நாளும் முக்கியமானது. குளிர்ந்த நீரில் அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மணமற்ற ஈரப்பதக் களிம்பை மெல்லிதாகப் பூசலாம். ஆஃப்டர் ஷேவ், வாசனைத் திரவியம், டெட்டால், எலுமிச்சைச் சாறு போன்ற எதுவும் கூடாது. அக்குளை மழித்தவுடன் டியோடரண்ட் பூசுவதும் எரிச்சலைக் கூட்டும். இறுக்கமான ஜீன்சும் செயற்கை இழை உள்ளாடையும், வளரத் தொடங்கும் முடியைத் தோலோடு சேர்த்து அழுத்துகின்றன; நூலகத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்க்கும் சைக்கிளில் வகுப்புக்குச் செல்பவர்க்கும் இந்த அழுத்தம் இன்னும் அதிகம். ஆகவே பயணத்துக்கோ விளையாட்டுக்கோ முந்தைய நாள் மழிப்பதைத் தவிர்த்து, இரவில் மழித்துத் தளர்ந்த பருத்தி உடையில் உறங்குவது நல்லது. ரேசரை ஈரக் குளியலறையில் விட்டுவிடாமல், துடைத்து அறையில் உலர்வாக வைக்க வேண்டும்.

வேறு முறைகளுக்கும் அவற்றுக்கே உரிய நன்மை தீமைகள் உண்டு. வாக்சிங் முடியை வேரோடு பிடுங்குவதாகச் சொல்லப்பட்டாலும், முடி மிகக் குட்டையாக இருந்தால் பாதியில் ஒடிந்துவிடும். ஒடிந்த முடி உள்வளர்வதற்கு ஏற்றது. அரிசியின் நீளத்துக்கு வளர்ந்த பிறகு, வளரும் திசையில் மெழுகைப் பூசி எதிர்த்திசையில் தோலோடு ஒட்டியவாறு இழுப்பதே முறை. அழகு நிலையத்தில் ஒருவர் மேல் பட்ட குச்சியை மீண்டும் மெழுகுப் பாத்திரத்தில் தோய்த்தால் அதைத் தடுத்துக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்பவரும், வாக்ஸ் செய்யும் இடத்தில் ரெட்டினாய்டு களிம்பு பூசுபவரும் மருத்துவரைக் கேட்காமல் வாக்ஸ் செய்யக் கூடாது. தோலே உரிந்து வந்துவிடும். முடிநீக்கக் களிம்பு முடியின் புரதப் பிணைப்புகளைக் கரைத்து மழுங்கிய நுனியை விட்டுச்செல்வதால் உள்வளர்ச்சி குறையலாம். ஆனால் அது வேதிப்பொருள். கையில் ஒரு சிறு இடத்தில் பூசி ஒரு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும்; குறிப்பிட்ட நிமிடத்துக்கு மேல் வைக்கலாகாது; பிறப்புறுப்பின் மென்சவ்விலும் ஆசனவாயிலும் படவே கூடாது.

திரும்பத் திரும்ப அவதியுறுவோர்க்கு லேசர் ஒரு வழி. அது முடியை முற்றாக அழிப்பதில்லை. பல அமர்வுகளில் அடர்த்தியையும் தடிமனையும் குறைக்கிறது. நிறமிச் செறிவுள்ள இந்தியத் தோலில் தவறான கருவி தீப்புண்ணையும் கருமையையும் உண்டாக்கக்கூடும். கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. எந்தக் கருவி என்று கேட்டு, தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். இறந்த தோலை அகற்றுவதாக விற்கப்படும் கரடுமுரடான ஸ்க்ரப்புகள் மறைவிடத்துக்கு உகந்தவையல்ல. மழிப்பதற்கு முன் ஈரத்துணியால் வட்டமாக மெல்லத் துடைப்பதே போதும். சாலிசிலிக் அமிலம் போன்றவற்றை மருத்துவர் சொன்ன அளவில், முடி வளரும் வெளித்தோலில் மட்டும், மழித்த புண் ஆறிய பிறகே பயன்படுத்தலாம்.

உள்வளர் முடி வந்துவிட்டால் முதல் மருந்து மழிப்பதை நிறுத்துவது. மூன்று நான்கு வாரம் விட்டுவிட்டால் பெரும்பாலான முடிகள் தாமே வளர்ந்து விடுபடுகின்றன. வெதுவெதுப்பான ஈரத்துணியை நாளுக்கு இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் வைத்தால் வலியும் வீக்கமும் தணியும். தோலுக்கு மேலே வளையமாகத் தெரியும் முடியை, தூய்மையாக்கப்பட்ட ஊசியால் நுனியை மட்டும் விடுவிக்கலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்த முடியும் அதே வழியில் உள்ளே போகும். தோலுக்குள் இருப்பதைத் தோண்டவே கூடாது. தோண்டியதன் தழும்பும் கருமையும், பரு ஆறிய பின்னும் பல மாதம் நிற்கும். அக்கருமையைப் போக்க வெண்மைக் களிம்புகளைத் தேடுவது புதிய துன்பத்தை விலைக்கு வாங்குவதாகும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அவை சிவப்பை மறைக்கும், தோலை மெலிவிக்கும், பூஞ்சைத் தொற்றை உள்ளூரப் பரவவிடும். தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் மருந்து மிகுதியாக உறிஞ்சப்படுவதால் கேடும் மிகுதி. இந்தியாவில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமானதற்கு இக்களிம்புகளின் கண்மூடித்தனமான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரித்து வருகிறார்கள். 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆயினும் பெயர் சொல்லக் கூசும் நோய்க்குப் பெயர் தெரியாத களிம்பு கிடைப்பது நிற்கவில்லை.

எல்லாப் புடைப்பும் உள்வளர் முடியுமன்று. காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாளுக்கு நாள் ஏறும் வலி ஆகியவை இருந்தால் காத்திருக்கலாகாது. நீரிழிவு உள்ளவர் இன்னும் விரைந்து செல்ல வேண்டும். கொத்துக் கொத்தான நீர்க்கொப்புளமோ வலியில்லாப் புண்ணோ பாலுறவுவழித் தொற்றாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு, வெட்கம் தேவையில்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து, உடைந்து, தழும்பாகிக்கொண்டிருந்தால் அது ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரட்டிவா என்னும் தனி நோயாக இருக்கக்கூடும். தூய்மைக் குறைவு என்று கருதிப் பல ஆண்டுகள் அதை மறைத்து வாழ்வோர் உண்டு. முன்கூட்டிக் கண்டறிந்தால் கட்டுப்படுத்தலாம்.

நலமையங்களில் இருப்போர்க்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. திருமணத்தைப் பற்றிய கேள்வி சில மருத்துவ நிலைகளில் தேவைப்படலாம். தொடையிடுக்கில் எழுந்த கட்டிக்கு அது முதல் கேள்வியாக இருக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. எதைக் கொண்டு மழித்தீர்கள் என்ற எளிய கேள்வி ஒரு மாத வேதனையை மிச்சப்படுத்தியிருக்கும். புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்தில் நூலக விதிகளும் வருகைப்பதிவு விதிகளும் சொல்லப்படுகின்றன. தோலைப் பற்றி ஒரு மணிநேரம், ஆண் பெண் இருபாலார்க்கும், ஒரு தோல் மருத்துவர் பேசினால் பல்கலைக்கழகத்துக்கு எந்தச் செலவுமில்லை.

அம்மாணவியின் கட்டி ஆறப் பத்து நாளாயிற்று. கருமை மறைய ஏறத்தாழ எட்டு மாதமாயிற்று. மருத்துவர் வரைந்த படத்தை ஒரு தாளில் பெரிதாக வரைந்து குளியலறைக் கதவின் உட்புறம் ஒட்டினாள். இரண்டே நாளில் யாரோ கிழித்துவிட்டார்கள், மறுபடியும் ஒட்டினாள். படத்துக்குக் கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும் மூன்று வரிகள்: வளரும் திசையில் மழிக்கவும், ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடவும், தேய்ந்த பிளேடைத் தாளில் பொதிந்து, பட்டையிட்டுக் குப்பையில் போடவும். மூன்றாவது வரி விடுதியைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்காக. குப்பைத் தொட்டியில் கிடந்த பிளேடு அவர் கைவிரலைக் கிழித்ததை அவள் பார்த்திருந்தாள். மூன்றாம் முறை ஒட்டிய தாளை எவரும் கிழிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதன் ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது: அக்குளுக்கும் இதே விதிதானா? அதற்குக் கீழே, இன்னொருவர் கையெழுத்தில், ஆம் என்ற விடையும் இருந்தது.